வானத்துக் கண்ணும் ஊர் ஏரியும்



அத்திபெலே எங்கே இருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் இருந்து ஓசூர் போகும் சாலையில் கர்நாடகம் முடிகிற இடம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. இங்கே கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த மொழியானாலும் கோடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டேங்கர் வந்ததா?"

இன்றைய பேச்சும் தண்ணீரைப் பற்றித்தான். வானத்தில் செயற்கைக்கோள் சுற்றுகிறது. அது தொலைபேசிக்கு உதவுகிறது. தொலைக்காட்சிக்கு உதவுகிறது. ஊர்த் தண்ணீருக்கு அது என்ன செய்யும்?

முதலில் ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஆனேக்கல் வட்டத்தில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். ராகியும் அவரையும் போடுகிறார்கள். பழைய கிணறு வற்றிப் பல வருடம் ஆகிவிட்டது. "போர் போட்டுவிடலாம்" என்கிறார் வீட்டுக்காரர். "ஏங்க, பக்கத்துத் தோட்டத்தில் போட்டது என்ன ஆச்சு?" என்று கேட்கிறார் மனைவி. அதற்குப் பதில் இல்லை. கடைசியில் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வருகிறார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஒரு கல்லை வைக்கிறார்கள். மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை நடக்கிறது. இரவில் ரிக் லாரி வருகிறது. பெரும்பாலும் அது திருச்செங்கோட்டு லாரியாக இருக்கும். விடிய விடியச் சத்தம். 300 அடி. 600 அடி. 1,000 அடி. வெளியே வருவது வெறும் கல்மாவு. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக் கணக்கில் கூலி கொடுத்தாக வேண்டும். லாரி அடுத்த ஊருக்குப் போய்விடும். கடன் மட்டும் வீட்டில் தங்கிவிடும்.

(இங்கே ஒரு வார்த்தை. தண்ணீர் வராத போர்க்குழியை அப்படியே விட்டுவிடாதீர்கள். மண்ணும் கல்லும் போட்டு மேல்மட்டம் வரை மூடுங்கள். உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டிலேயே இதை உத்தரவாகச் சொல்லியிருக்கிறது. திறந்த குழிகளில் எத்தனையோ குழந்தைகள் விழுந்துவிட்டார்கள்.)

அந்தக் குடும்பத்துக்கு ஏன் தண்ணீர் கிடைக்கவில்லை? அவர்களுடைய தலைவிதியா? இல்லை. பாறைதான் காரணம்.

இந்தப் பகுதி முழுவதும் கடினப் பாறை. மேலே கொஞ்சம் மண். அதன் கீழே மட்கி உதிர்ந்த பாறை. அதற்கும் கீழே உறுதியான கல். பூமிக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி ஆறு எதுவும் ஓடவில்லை. மட்கிய பாறையின் இடுக்கில் தண்ணீர் ஊறி நிற்கும். கல்லில் விரிசல் இருந்தால் அந்த விரிசலில் தண்ணீர் நிற்கும். விரிசல் இல்லாத இடத்தில் 1,000 அடி போனாலும் கல்தான். விரிசலுக்கு மேலே தோண்டினால் தண்ணீர் வரும். பத்தடி தள்ளித் தோண்டினால் வராமலும் போகலாம்.

அப்படியானால் விரிசல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தரையில் நிற்பவருக்கு அது தெரியாது. ஓர் எறும்பு ஜமுக்காளத்தின் மேல் நடக்கிறது. அதற்கு நூல்தான் தெரியும். ஜமுக்காளத்தின் கோடும் கட்டமும் தெரியாது. எழுந்து நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும். செயற்கைக்கோள் செய்வதும் அதுதான். உயரத்தில் இருந்து பார்க்கிறது.

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா. அதைச் செய்தது வேறெங்கோ இல்லை. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில், சாதாரணக் கொட்டகைகளில் செய்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் உடுப்பிப் பக்கத்தில் பிறந்த யு. ஆர். ராவ். 1975 ஏப்ரல் 19 ஆம் தேதி அது வானில் ஏறியது. பதின்மூன்று வருடம் கழித்து, 1988 மார்ச் 17 ஆம் தேதி, ஐ.ஆர்.எஸ். 1ஏ என்ற செயற்கைக்கோள் ஏறியது. இந்த நாட்டின் நிலத்தையும் நீரையும் படம் பிடிப்பதற்கென்றே அதைச் செய்திருந்தார்கள்.

அது சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. பெங்களூரில் இருந்து மும்பைக்குச் சாலை வழியில் போகும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. ஒரு நாளில் ஏறத்தாழ 14 முறை பூமியைச் சுற்றியது. 22 நாளைக்கு ஒரு முறை அதே ஊருக்கு மேலே திரும்பி வந்தது.

அது எடுத்த படம் புள்ளி புள்ளியாக இருக்கும். வாசலில் போடும் கோலத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நல்ல கேமராவில் ஒரு புள்ளி என்பது 36 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம். இந்த ஊர்க் கணக்கில் சொன்னால் பதின்மூன்று குண்டே நிலம் ஒரே புள்ளி. ஏரி தெரியும். வீடு தெரியாது. 2005 ஆம் ஆண்டு ஏறிய கார்ட்டோசாட் 1 செயற்கைக்கோளில் ஒரு புள்ளி இரண்டரை மீட்டராகச் சுருங்கியது. ஒரு பெரிய கட்டில் போடும் இடம். வீடும் தெரியும், வரப்பும் தெரியும், ஏரிக்குள் கொட்டிய மண்மேடும் தெரியும்.

படத்தில் நிறங்கள் வேறு மாதிரி இருக்கும். முதலில் பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். பயிரும் மரமும் சிவப்பாக இருக்கும். தெளிந்த நீர் கறுப்பாக இருக்கும். கட்டடங்கள் சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். இது ஏன்? சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பச்சை இலை மிக அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் அதை விழுங்கிவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கேமரா பிடிக்கிறது. அதைப் படத்தில் சிவப்பாகக் காட்டுகிறார்கள். இதற்குத்தான் தொலை உணர்வு என்று பெயர். தொடாமல், தூரத்தில் இருந்தே ஒரு பொருளைத் தெரிந்துகொள்வது.

இனி ஒரு முக்கியமான விஷயம். செயற்கைக்கோள் பூமிக்குள்ளே இருக்கும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. "சாட்டிலைட்டில் பார்த்து பாயின்ட் சொல்கிறேன், பணம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் நம்பிவிடாதீர்கள். 1,000 அடி ஆழத்தைப் படம் பிடிக்கும் கேமரா எதுவும் அதில் இல்லை. மேலே தெரியும் அடையாளங்களைத்தான் அது காட்டும்.

அடையாளம் என்றால் என்ன? சுற்றிலும் காய்ந்த நிலம். நடுவில் ஒரே நேர்கோட்டில் மரங்கள் பச்சையாக நிற்கின்றன. ஓர் ஓடை வளைந்து வளைந்து வருகிறது. திடீரென்று கயிறு பிடித்ததுபோல் நேராக ஓடுகிறது. இப்படிப்பட்ட கோடுகளுக்குக் கீழே பாறையில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். கோடு கிலோமீட்டர் கணக்கில் நீளும். தரையில் நடப்பவருக்கு அது புலப்படாது. படத்தில் பளிச்சென்று தெரியும். நிலநூல் அறிந்தவர்கள் அந்தக் கோட்டைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஊருக்கு வந்து தரையைப் பார்ப்பார்கள். பக்கத்துக் கிணறுகளைப் பார்ப்பார்கள். நிலத்தில் மின்சாரம் செலுத்தி அளக்கும் கருவியை வைத்துச் சோதிப்பார்கள். ஈரமான பாறை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். காய்ந்த கல் கடத்தாது. இத்தனையும் பார்த்த பிறகுதான் "இங்கே தோண்டுங்கள்" என்பார்கள்.

1986 இல் மத்திய அரசு குடிநீருக்கென்று ஒரு தனி இயக்கம் தொடங்கியது. அதற்காகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து நாடு முழுவதற்கும் நிலத்தடி நீர் வரைபடம் போட்டார்கள். பிறகு இன்னும் நுணுக்கமாகப் போட்டார்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். அந்த நுணுக்கப் படங்களை முதலில் போட்ட மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. அவற்றை வைத்துத் தோண்டியதில் பத்துக்கு ஒன்பது இடத்தில் தண்ணீர் கிடைத்தது என்று துறையினர் கணக்குச் சொன்னார்கள். அவை குடிநீருக்கான போர்கள். கை பம்புக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். தோட்டத்துக்கு இரண்டு இஞ்சு தண்ணீர் கேட்கும் விவசாயிக்கு அதே கணக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தேங்காயை நம்பி நகையை அடகு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. எல்லோரும் தோண்டலாமா? இங்கேதான் சிக்கல். ஆனேக்கல் வட்டத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியம் 'அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட' வட்டம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. அதன் பொருள் எளிது. தபால் ஆபீசில் ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். வருடத்துக்கு 100 ரூபாய் போடுகிறீர்கள். 100 ரூபாய்க்கு மேல் எடுக்கிறீர்கள். தாத்தா போட்டு வைத்த பழைய பணம் இருப்பதால் கொஞ்ச காலம் ஓடும். பிறகு? 2024 கோடையில் பெங்களூரில் இதுதான் நடந்தது. அரசாங்கப் போர்கள் சுமார் 14,000. அவற்றில் 6,900 வற்றிவிட்டன என்று அரசே அறிவித்தது.

இந்த இருப்பை எடை போடும் செயற்கைக்கோள்களும் உண்டு. கேட்டால் கதைபோல் இருக்கும். 2002 இல் கிரேஸ் என்ற பெயரில் இரண்டு செயற்கைக்கோள்களை ஏற்றினார்கள். ஒன்றன் பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை சுற்றின. கீழே தண்ணீர் அதிகம் இருந்தால் அந்த இடத்தில் பூமியின் இழுப்பும் சற்று அதிகம். முன்னால் போவது கொஞ்சம் இழுபடும். இடைவெளி ஒரு மயிரிழை மாறும். அதை அளந்து கீழே தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று கணக்கிட்டார்கள். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், டில்லி பகுதியில் 2002 முதல் 2008 வரை ஆறு வருடத்தில் குறைந்த நிலத்தடி நீர் எவ்வளவு தெரியுமா? கிருஷ்ணராஜசாகர் அணையை எழுபது முறைக்கு மேல் நிரப்பும் அளவு. இந்தக் கணக்கு 2009 இல் வெளிவந்தது. கிரேஸ் 2017 இல் ஓய்ந்தது. 2018 இல் அதற்குப் பதில் வேறு இரண்டு ஏறின. ஆனால் இவை பெரிய பரப்பைத்தான் எடை போடும். உங்கள் ஊர்க் கிணற்றைத் தனியாக எடை போடாது.

எடுத்த பணத்தை எப்படித் திருப்பிப் போடுவது? மழைதான் வழி. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர். நாலைந்து டேங்கர் லாரி. அந்தத் தண்ணீர் நிற்க ஓர் இடம் வேண்டும். முன்னோர்கள் அதற்கு இடம் வைத்திருந்தார்கள். அதுதான் ஏரி. கன்னடத்தில் கெரே.

இந்தப் பக்கத்து ஏரிகள் தனித்தனியாக இல்லை. சங்கிலிபோல் கோத்து வைத்திருக்கிறார்கள். மேல் ஏரி நிறைந்தால் கோடி வழியாக வழியும். ராஜகாலுவே வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்து அதற்கும் கீழே போகும். ஆனேக்கல் வட்டத்தின் கிழக்குப் பக்கத்து மழை தென்பெண்ணை ஆற்றுக்குப் போகிறது. மேற்குப் பக்கத்து மழை காவிரிக்குப் போகிறது. நடுவில் ஒரே ஒரு கால்வாயை மண் போட்டு மூடினால் போதும். கீழே உள்ள எல்லா ஏரிகளும் பட்டினி. மூடிய இடத்தில் மழைக் காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம்.

மூடியது யார், எப்போது, எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்கத்தான் ஜி.ஐ.எஸ். உதவுகிறது. புவியியல் தகவல் முறை என்று நீளமாகச் சொல்வார்கள். விஷயம் சுலபம். எண்ணெய்த் தாள் பார்த்திருப்பீர்கள். அடியில் உள்ள படம் மேலே தெரியும். ஒரு தாளில் கிராம நில வரைபடம். சர்வே எண், ஏரி எல்லை, கால்வாய் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது தாளில் இன்றைய செயற்கைக்கோள் படம். மூன்றாவது தாளில் மேடு பள்ளம். நான்காவது தாளில் போர்கள் இருக்கும் இடம். எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருத்தி வைத்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் இதைச் செய்வதுதான் ஜி.ஐ.எஸ். பழைய தாளில் ஏரி இருக்கும். புதிய தாளில் அதே இடத்தில் கூரை இருக்கும். வாய்ச்சண்டைக்கு அங்கே வேலை இல்லை. இத்தனை குண்டே போயிருக்கிறது என்று அளந்து சொல்லிவிடலாம்.

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் இப்படித்தான் 1973 முதலான படங்களை அடுக்கிப் பார்த்தார்கள். சுமார் நாற்பது ஆண்டில் பெங்களூரின் நீர்ப்பரப்பில் 79 சதவீதம் போய்விட்டது என்று கணக்குக் கொடுத்தார்கள். ஐந்து குடம் இருந்த இடத்தில் ஒரு குடம். நகரம் இப்போது அத்திபெலே பக்கம்தான் வளர்ந்துகொண்டு வருகிறது. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே என்று தொழிற்பேட்டைகள் வந்துவிட்டன. வேலையும் வந்தது. நல்லதுதான். ஏரியை விட்டுவிட்டு வந்திருந்தால் இன்னும் நல்லது.

கோலார் இங்கிருந்து அதிக தூரம் இல்லை. அங்கே நடந்த ஒரு வேலையைக் கேளுங்கள். 2001 முதல் 2009 வரை சுஜலா என்ற நீர்ப்பிடிப்புத் திட்டம் நடந்தது. கோலார், துமகூரு, சித்ரதுர்கா, ஹாவேரி, தார்வாட் மாவட்டங்களில் உலக வங்கிக் கடனில் கர்நாடக அரசு நடத்தியது. அரசுத் திட்டங்களில் பலவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே இருந்து உத்தரவு வரும். எங்கேயாவது ஒரு தடுப்பணை எழும். அதில் மழைநீர் வராது. சுஜலாவில் வேறு மாதிரி செய்தார்கள். இந்திய விண்வெளித் துறையினர் ஒவ்வொரு சின்ன நீர்ப்பிடிப்புக்கும் படம் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் சர்வே எண்ணும் இருந்தது. அதனால் ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து "இது என் நிலம், இது உன் நிலம்" என்று அடையாளம் காண முடிந்தது.

இந்தச் சரிவில் மண் அரிக்கிறது, வரப்பு போடு. இந்தப் பள்ளத்தில் தண்ணீர் கூடுகிறது, குட்டை வெட்டு. இது சாகுபடிக்கு ஆகாது, மரம் வை. இப்படி ஊர்க்காரர்களே பேசித் திட்டம் போட்டார்கள். பெண்கள் குழுக்களும் அதில் சேர்ந்தன. நிலம் இல்லாதவர்களுக்கும் தொழில் செய்யப் பணம் ஒதுக்கினார்கள். வேலை தொடங்கும் முன்பு ஒரு படம். நடுவில் ஒரு படம். முடிந்த பிறகு ஒரு படம். வரப்பு போட்டதாகப் பொய்க் கணக்கு எழுதுவது கடினம். வானத்தில் இருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது. தரிசாகக் கிடந்த இடம் சில வருடங்களில் சிவப்பாக மாறினால் பயிர் வந்திருக்கிறது என்று தெரியும்.

இந்தக் கண்ணுக்கும் குறைகள் உண்டு. மேகம் மூடினால் சாதாரணக் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில்தான் ஏரியைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் மேகமும் இருக்கும். இதற்காக மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோளை 2012 இல் ஏற்றினார்கள். 2022 இல் இன்னொன்றை ஏற்றினார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆகாயத்தாமரை மூடிய ஏரி படத்தில் எப்படி இருக்கும்? கறுப்பாக இருக்காது. சிவப்பாக இருக்கும். நல்ல நெல் வயலைப் போலவே இருக்கும். அது வயலா ஏரியா என்று கம்ப்யூட்டர் தடுமாறும். கரையில் ஆடு மேய்க்கும் அம்மாவைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். படம் போடுகிறவர்கள் ஊருக்கு வந்து அந்த அம்மாவைக் கேட்க வேண்டும். கேட்காமல் போட்ட படத்தை நம்ப முடியாது.

தண்ணீர் இருக்கிறதா என்று செயற்கைக்கோள் சொல்லும். அது குடிக்க ஆகுமா என்று சொல்லாது. புளோரைடு இருக்கிறதா, ஆலைக் கழிவு கலந்திருக்கிறதா என்று தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால்தான் தெரியும். பெங்களூரின் சாக்கடை தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலங்களில் நுரை மலைபோல் எழுகிறது. அந்த நுரை எல்லைக் கோட்டில் நிற்பதில்லை. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது.

இதெல்லாம் பெரிய ஆபீசர்களின் விஷயம் என்று ஒதுங்கத் தேவை இல்லை. இந்தப் படங்கள் மக்கள் பணத்தில் எடுத்தவை. புவன் என்ற பெயரில் 2009 முதல் இந்தியச் செயற்கைக்கோள் படங்களைக் கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கர்நாடகத்தில் திஷாங்க் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கைபேசியில் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் போட்டுக் கொடுப்பார்கள். ஏரிக்கரையில் போய் நின்று அதைத் திறந்தால், நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும். ஏரி நிலமா, கால்வாயா, பட்டா நிலமா என்று பார்த்துக்கொள்ளலாம். அது காட்டும் கோடு மட்டும் சட்டப்படி எல்லை ஆகிவிடாது. நில அளவையர் வந்து அளந்து கல் நட வேண்டும். அவரை வரவழைக்க மனு எழுத, அந்தச் சர்வே எண் உதவும்.

மனுவை எங்கே கொடுப்பது? அத்திபெலே ஊருக்குள் என்றால் புரசபையில். சுற்றுக் கிராமம் என்றால் கிராம பஞ்சாயத்தில். நில அளவைக்கு ஆனேக்கல் தாலுகா ஆபீசில். கிராம சபை கூடும் நாளில் எழுந்து இதைக் கேட்கலாம். "எங்கள் ஏரியின் படம் எங்கே? பழைய எல்லை எது? இப்போதைய எல்லை எது? அடுத்த போர் போட யார் இடம் பார்த்தார்கள்?" கேள்வியை வாயால் மட்டும் கேட்காமல் தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு முடிந்த பிறகு இந்த ஏரிகளின் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். உங்கள் நிலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பஹணியைக் கையில் எடுத்து வாருங்கள். சர்வே எண் அதில் மேலே எழுதியிருக்கும். கறுப்பாகத் தெரிவது தண்ணீர். சிவப்பாகத் தெரிவது பயிர். ஏரிக்கு நடுவே சிவப்பாக எதையாவது பார்த்தால் அது என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும். படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.